கண்ணாடி கெட்டில்: கண்ணாடி செய்வது என்ன, செய்யாதது என்ன

கண்ணாடி எலக்ட்ரிக் கெட்டிலைப் பற்றி வட சென்னையில் வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், கண்ணாடி என்பதால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பார். இன்னொருவர், சூடு பட்டால் வெடித்துவிடும் என்பார். மூன்றாமவர் 1500 வாட் என்றதுமே கரண்ட் பில் எகிறிவிடும் என்று பயமுறுத்துவார். நாலாமவர், கொதிக்கும்போது எரிகிற நீல விளக்கு கிருமியைக் கொல்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். இந்த நாலும் தவறு. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து வாங்குகிற பொருள், தினமும் நாலு முறையாவது கொதிக்கிற தண்ணீரைத் தாங்கப்போகிற பொருள், அதுவும் வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது. இதைப் பளபளப்பைப் பார்த்து மட்டும் வாங்குகிறார்களே என்பதுதான் எனக்கு உறுத்தல். இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால், எந்தக் கடையில் எந்தப் பெட்டியைத் திறந்து காட்டினாலும் நல்லது எது, சுமாரானது எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

## பெயர்தான் கண்ணாடி

பாரிமுனைக் கடைகளில் பையன்கள் "இது ஃபுல் கிளாஸ்க்கா, தண்ணில பிளாஸ்டிக்கே படாது" என்று சொல்லித்தான் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கின கையோடு மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சுற்றுச்சுவர் மட்டும்தான் கண்ணாடி. அடியில் இருப்பது எவர்சில்வர் தட்டு. தட்டும் கண்ணாடியும் சேர்கிற இடத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய வளையம் தெரியும், அது சிலிக்கோன், அதாவது கொதிநீரின் சூட்டைத் தாங்கக்கூடிய ஒரு வகை ரப்பர். மூடியின் உள்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக், இல்லையென்றால் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய எவர்சில்வர் தகடு. தண்ணீர் ஊற்றும் மூக்கில் ஒரு சின்ன வடிகட்டி வலை இருக்கும், அதன் சட்டமும் பல மாடல்களில் பிளாஸ்டிக்தான்.

தண்ணீரைச் சூடாக்குவது அந்த அடித்தட்டு. தட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், வளைந்த உலோகக் குழாய்க்குள் ஹீட்டிங் காயில் இருக்கிறது. கரண்ட் பாய்ந்ததும் காயில் சூடாகி, தட்டு சூடாகி, தட்டைத் தொடும் தண்ணீர் சூடாகிறது. கண்ணாடிக்கு இந்த வேலையில் பங்கே கிடையாது. அது தண்ணீரைத் தாங்கி நிற்கிறது, உள்ளே நடப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக, கண்ணாடி கெட்டிலை எடை போடுவது என்றால் தட்டு, வளையம், மூடி, சுவிட்ச் இந்த நாலையும் எடை போடுவது. கண்ணாடி ஐந்தாவதாகத்தான் வருகிறது.

## வாட் வேறு, யூனிட் வேறு

அதிகம் குழப்பப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தெருவில் தண்ணீர் பிடித்திருக்கிறீர்கள் அல்லவா? அடிபம்பில் அடித்தால் ஒரு குடம் நிறைய நேரம் பிடிக்கும். லாரியின் குழாயில் பிடித்தால் சட்டென்று நிறைந்துவிடும். எதில் பிடித்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போவது ஒரு குடம் தண்ணீர்தான். கெட்டிலில் எழுதியிருக்கும் வாட், தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது. மீட்டரில் ஏறுகிற யூனிட், எத்தனை குடம் பிடித்தீர்கள் என்பது. கரண்ட் பில் குடத்துக்குத்தான், வேகத்துக்கு அல்ல.

கணக்காகச் சொன்னால் இப்படி. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும். ஒரு லிட்டரை அங்கிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, எந்த அடுப்பாக இருந்தாலும், எந்தக் கெட்டிலாக இருந்தாலும், தேவையான வெப்பம் சுமார் 293 கிலோஜூல். இது 0.08 யூனிட். கெட்டிலே சூடாவதற்கும் வெளியே போகிற சூட்டுக்கும் கொஞ்சம் சேர்த்தால் 0.1 யூனிட்டுக்கு உள்ளே நிற்கும். ஒரு யூனிட்டில் சுமார் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க நாலு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகும். 2000 வாட் என்றால் மூன்று நிமிடத்துக்குள். யூனிட் கிட்டத்தட்ட ஒன்றேதான், சொல்லப்போனால் வேகமானதில் வெளியே போகிற சூடு கொஞ்சம் குறைவு. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் சொந்த மீட்டர் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஹவுஸ் ஓனர் வாங்குகிற போர்ஷன்களில் இருப்பவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்கள் மிச்சம் பிடிக்க வழி, குறைந்த வாட் கெட்டிலைத் தேடுவது அல்ல, தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. இரண்டு டம்ளர் டீக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்க வைத்தால் முக்கால்வாசிச் செலவு வீண்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பெட்டியில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. கெட்டிலில் அதிகபட்ச அளவுக் கோடு மட்டும் அல்ல, குறைந்தபட்ச அளவுக் கோடும் உண்டு. 1.7, 1.8 லிட்டர் கெட்டில்களில் அது பெரும்பாலும் அரை லிட்டரில் இருக்கும். அதற்குக் கீழே ஊற்றக் கூடாது. தனியாக இருப்பவர், ஒரு டம்ளர் வெந்நீர்தான் வேண்டும் என்றால், பெரிய கெட்டில் அவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று டம்ளரைக் கொதிக்க வைக்கச் சொல்லும். ஆகவே எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்பதைவிட எவ்வளவு குறைவாகக் கொதிக்க வைக்கலாம் என்று கேட்பது நல்லது.

## சாயந்திரம் ஆனால் ஏன் மெதுவாகிறது?

காலையில் நாலு நிமிடத்தில் கொதித்த கெட்டில் கோடைக்காலச் சாயந்திரங்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கெட்டிலில் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கோளாறு அதில் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் வாட், 230 வோல்ட் வந்தால் கிடைப்பது. தெருவில் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடி வோல்டேஜ் 200-க்கு இறங்கினால், 1500 வாட் கெட்டில் 1130 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். வோல்டேஜ் குறைவது 13 சதவீதம்தான், ஆனால் வாட் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது, ஏனென்றால் வோல்டேஜ் இறங்கும்போது பாய்கிற கரண்டும் சேர்ந்து இறங்குகிறது. குடம் நிறைய நேரம் ஆகும், குடம் அதே குடம்தான்.

வயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் இழுப்பது 6.5 ஆம்பியர், 2000 வாட் என்றால் 8.7. நம் வீடுகளில் டிவி, ஃபோன் சார்ஜருக்கு இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய ஓட்டைகள் இருக்கும் பவர் பிளக் 16 ஆம்பியருக்கானது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகளில் பல சமையலறைகளில் பவர் பாயிண்டே இருக்காது, ஒன்று இருந்தால் அதில் ஃபிரிட்ஜ் மாட்டியிருக்கும். அதனால் கெட்டிலை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுகிறார்கள், அதே பாக்ஸில் மிக்சியும் இருக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கெட்டில் கொதித்து முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கையைச் சுடுகிறது என்றால் பாயிண்ட் தாங்கவில்லை என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி பவர் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். கெட்டிலின் வயர் குட்டையாக இருப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். மேடையிலிருந்து தொங்கி ஒரு குழந்தை பிடித்து இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

## கண்ணாடி ஏன் விரிசல் விடுகிறது?

இப்போது வெடித்துவிடும் என்கிற பயத்துக்கு வருவோம். எந்தப் பொருளும் சூடானால் கொஞ்சம் நீளும், ஆறினால் சுருங்கும். கண்ணாடியும்தான். சிக்கல் என்னவென்றால், கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கொதித்து முடிந்த கெட்டிலில் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றினால், உள்பக்கம் உடனே சுருங்கப் பார்க்கும், வெளிப்பக்கம் இன்னும் சூடாக விரிந்தே இருக்கும். ஒரே தகட்டின் ஒரு முகம் ஒரு பக்கமும் மறு முகம் இன்னொரு பக்கமும் இழுக்கிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது, அதனால் விரிசல் விடுகிறது. இதற்கு வெப்ப அதிர்ச்சி என்று பெயர்.

இதைச் சமாளிக்க வந்ததுதான் போரோசிலிகேட், அதாவது போரான் கலந்த கண்ணாடி. ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது. ஆய்வுக்கூடங்களில் பீக்கர், டெஸ்ட் டியூப் எல்லாம் இதில்தான் செய்கிறார்கள். ஜன்னல், பாட்டில் செய்கிற சாதாரணக் கண்ணாடி ஒரு மீட்டர் நீளம் இருந்தால், 100 டிகிரி சூடேறும்போது சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். போரோசிலிகேட் 0.33 மில்லிமீட்டர்தான் நீளும். மூன்றில் ஒரு பங்கு நீட்சி என்றால் இழுவையும் அவ்வளவுக்குக் குறைவு. பெட்டியிலோ அடியிலோ போரோசிலிகேட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, எழுதவில்லை என்றால் அது அந்தக் கண்ணாடி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போரோசிலிகேட்டும் உடையாத கண்ணாடி இல்லை, கீழே விழுந்தால் உடையும். இரும்பு நார் போட்டுத் தேய்த்துக் கீறல் விழுந்தால், அந்தக் கீறலிலிருந்தே விரிசல் தொடங்கலாம்.

ஆனால் என் பார்வையில் இதைவிட முக்கியம் அந்த சிலிக்கோன் வளையம். அடித்தட்டு எவர்சில்வர், அது போரோசிலிகேட்டைப் போல ஐந்து மடங்கு விரியும். 14 சென்டிமீட்டர் அகலமான தட்டு 30-லிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது சுமார் 0.17 மில்லிமீட்டர் விரிகிறது, அதைச் சுற்றி இருக்கும் கண்ணாடி 0.03 மட்டும். மீதி வித்தியாசத்தை ஒவ்வொரு முறை கொதிக்கும்போதும் அந்த வளையம்தான் நீண்டு கொடுத்துச் சமாளிக்கிறது. ஒரு நாளைக்கு நாலு முறை என்றால் வருடத்துக்கு 1460 முறை. மலிவான கெட்டில்களில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடம்தான், கண்ணாடி அல்ல. ஸ்டாண்டில் ஒரு நாள் ஈரம் தெரியும், மேலே வழிந்தது என்று துடைத்துவிட்டுப் போய்விடுவோம், அடுத்த நாளும் அதே இடத்தில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் கரண்ட் இணைப்பு இருக்கிற இடத்துக்கு மேலேயே கசிகிறது என்பதால், அன்றே பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும், எம்-சீல் வைத்து அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

கண்ணாடி சூட்டால் உடைவது அரிது, இணைப்பு கசிவது சகஜம். கொதித்த கெட்டிலில் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் இரண்டுக்கும் ஆயுள் கூடும்.

## கொதிப்பதைப் பார்ப்பதும், தானாக அணைவதும்

கண்ணாடி கெட்டிலின் உண்மையான லாபம் இங்கேதான். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் தட்டின் மேல் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். இது நீராவி அல்ல, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. தண்ணீர் சூடாகச் சூடாகக் காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் விடுகிறது. அப்புறம் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் தொடங்கிக் கூடிக்கொண்டே போகும். அடியில் உருவாகிற நீராவிக் குமிழிகள் மேலே எழும்பி, இன்னும் அவ்வளவு சூடாகாத தண்ணீரில் பட்டதும் சட்சட்டென்று உள்ளே நொறுங்குகின்றன, அந்தச் சத்தம்தான் அது. பிறகு, இது பலரும் கவனிக்காதது, சத்தம் குறையும். தண்ணீர் முழுக்கக் கொதிநிலையை நெருங்கிவிட்டது, குமிழிகள் நொறுங்காமல் மேல்மட்டம் வரை வந்து உடைகின்றன. அடியிலிருந்து மேல்வரை தண்ணீர் புரண்டு குதிக்கிறதே, அதுதான் கொதி. எவர்சில்வர் கெட்டிலில் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டும், இதில் கண்ணெதிரே தெரிகிறது.

அது எப்படித் தானாக அணைகிறது? கெட்டிலுக்குத் தண்ணீர் கொதித்தது தெரியாது, நீராவி வந்தது மட்டும்தான் தெரியும். மேலே சேர்கிற நீராவி ஒரு சின்ன வழியாகக் கைப்பிடிக்கோ அடிக்கோ போய், அங்கே இருக்கிற ஒரு வட்டத் தகட்டின் மேல் படுகிறது. சூட்டில் வெவ்வேறு அளவு விரிகிற இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது, பைமெட்டல் என்பார்கள். ஒரு பக்கம் குழிந்திருக்கும் அந்தத் தகடு, குறிப்பிட்ட சூடு வந்ததும் 'டக்' என்று மறுபக்கம் குழியும், அந்த அசைவு சுவிட்சைத் தட்டிவிடும். 1955-இல் இங்கிலாந்தில் ரசல் ஹாப்ஸ் நிறுவனம் விட்ட கே-1 கெட்டிலிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். சிப்பு, சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

இது புரிந்தால் சில விஷயங்கள் தானாகவே தெளிவாகும். மூடியைத் திறந்து வைத்தால் நீராவி வெளியே போய்விடும், தகட்டுக்கு வராது, கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். மூடி சரியாக உட்காராத மலிவு மாடல்களிலும் இதேதான். தண்ணீர் வற்றிவிட்டால்? அதற்குத் தட்டுக்கு அடியில் இன்னொரு பைமெட்டல் தகடு இருக்கிறது, தட்டு அளவுக்கு மீறிச் சூடானால் அது துண்டித்துவிடும். இந்த இரண்டாவது பாதுகாப்பு இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள், இல்லாத கெட்டிலை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

பால் காய்ச்சக் கூடாது, நூடுல்ஸ் போடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். பால் அடியில் பிடித்துக்கொள்ளும், கெட்டியான எதுவும் தண்ணீரைப் போலப் புரண்டு சூட்டை மேலே கொண்டுபோகாது, தட்டு காய்ந்து பாதுகாப்புத் தகடு துண்டிக்கும். பொங்கினால் நுரை நீராவி வழியில் புகுந்து சுவிட்சையே கெடுத்துவிடும்.

## நம் தண்ணீரும் வெள்ளைப் படிவும்

வட சென்னையில் கெட்டில் வாங்குகிறவர் கெட்டிலை விடத் தன் வீட்டுத் தண்ணீரைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒரே தெருவில் மூன்று வகைத் தண்ணீர் வரும். மெட்ரோ தண்ணீர், அது புழல் ஏரியிலிருந்தும் வரலாம், மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள நிலையத்திலிருந்தும் வரலாம். அடுத்தது போர்வெல். கடலோரமாக இருப்பதாலும், மீஞ்சூர் பகுதியில் பல பத்தாண்டுகளாக நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பதாலும், இங்கே பல இடங்களில் அது உப்புக் கரிக்கும். மூன்றாவது கேன் தண்ணீர்.

எர்ணாவூரில் இருக்கும் என் சித்தி வீட்டில் போர்வெல் தண்ணீரைத்தான் கெட்டிலில் ஊற்றுவார்கள், வெந்நீருக்குத்தானே என்று. ஒரு நாள் அடித்தட்டைப் பார்த்தேன். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒரு படிவு, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. படிவு இல்லாத இடத்தில், குண்டூசியால் குத்தினது போலப் பழுப்புப் புள்ளிகள். சித்தி, "கண்ணாடி கரையுதோ என்னமோடா" என்றார். இரண்டும் கண்ணாடியிலிருந்து வரவில்லை, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

வெள்ளைப் படிவு கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லில் இருப்பதுதான். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாகக் கரைந்திருந்தால் அதைக் கடின நீர் என்கிறோம். இவற்றில் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிற பகுதி, சூடாக்கினால் கரையாத கார்பனேட்டாக மாறித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. குடித்தால் ஆபத்து இல்லை. ஆனால் அது தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு போர்வையாக நிற்கிறது, கொதிக்க நேரம் கூடுகிறது, தட்டு அதிகமாகச் சூடாகி, தண்ணீர் இருக்கும்போதே பாதுகாப்புத் தகடு துண்டித்துவிடுகிறது. கெட்டில் பாதியில் நின்றுவிடுகிறது என்ற புகாரோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உள்ளே கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதுதான்.

பழுப்புப் புள்ளிகள் உப்பின் வேலை. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் குரோமியம், அது மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்பு அடுக்கை உண்டாக்குகிறது. உப்பில் இருக்கிற குளோரைடு அந்த அடுக்கை அங்கங்கே குத்தி உடைக்கும், உடைந்த இடத்தில் குழி விழுந்து துருப்பிடிக்கும். ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரை உள்ளேயே விட்டுவைத்தால் வேகமாக நடக்கும். தட்டு 304 வகை எவர்சில்வர் என்று போட்டிருந்தால் நல்லது, அதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். மலிவான 201 வகையில் நிக்கல் குறைவு, உப்புக்குச் சீக்கிரம் தோற்றுவிடும். கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், அது வீண், 304, 201 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. உங்கள் வீட்டில் வருவது கரிக்கிற தண்ணீர் என்றால் எந்தத் தட்டும் நிலைக்காது, கெட்டிலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள்.

இன்னொரு நம்பிக்கை, கொதிக்க வைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்பது. பாதிதான் உண்மை. நன்றாகப் புரண்டு கொதித்தால் காலரா, டைபாய்டு போன்றவற்றின் கிருமிகள் செத்துவிடும், தானாக அணைகிற அளவுக் கொதியே அதற்குப் போதும். ஆனால் உப்பு போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் அளவு டிடிஎஸ். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. கொதிக்க வைப்பதால் தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது, கரிக்கிற உப்பு அப்படியே தங்கி, மீதித் தண்ணீரில் கொஞ்சம் அடர்த்தியாகிறது. மழைக்காலத்தில் குழாயில் கழிவுநீர் கலந்து நாற்றத்தோடு வந்தால், அதைக் கொதிக்க வைத்துக் குடிப்பது தீர்வு அல்ல, கிருமி செத்தாலும் மற்ற அழுக்கு உள்ளேயே இருக்கும்.

நீல விளக்கு எல்இடி. பல ஆர்ஓ மெஷின்களில் கிருமியைக் கொல்ல யுவி விளக்கு இருக்கிறது, அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். இது ஆனில் இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும்.

படிவை எடுப்பது சுலபம். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழச் சாறோ ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிடோ போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். படிவிலிருந்து நுரை நுரையாகக் குமிழி கிளம்புவது கண்ணாடி வழியாகவே தெரியும், கார்பன் டை ஆக்சைடு அது. கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை ஒரு முறை கொதிக்க வைத்து அதையும் கொட்டிவிட்டால் முடிந்தது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், தட்டைக் குழி குழியாக்கிவிடும்.

## கடையில் பெட்டியைத் திறந்ததும்

இதுவரை புரிந்ததை வைத்துப் பார்த்தால் கடையில் ஐந்து நிமிடம் போதும். ஐஎஸ்ஐ முத்திரை, போரோசிலிகேட், 304, வற்றினால் அணைகிற வசதி, இந்த நாலும் எழுதியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வாய் அகலமாக இருக்க வேண்டும், உங்கள் கை முழுசாக உள்ளே போகவில்லை என்றால் அந்தத் தட்டை ஒரு நாளும் ஒழுங்காகத் துடைக்க முடியாது. மூடியை நாலு முறை திறந்து மூடுங்கள், 'க்ளிக்' என்று உட்காராமல் ஆடினால் வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள், பிளாஸ்டிக் நாற்றம் தூக்கலாக இருந்தால் அது முதல் சில கொதிகளில் தண்ணீரிலும் வரும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று முறை கொதிக்க வைத்துக் கொட்டியும் போகாத நாற்றம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்காகவே பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடைக்காரர் சம்மதித்தால் தண்ணீர் நிரப்பி ஊற்றிப் பாருங்கள். கண்ணாடி கெட்டில் காலியாகவே கனமாக இருக்கும், ஒன்றரை லிட்டர் நிரப்பினால் இரண்டரைக் கிலோ பக்கம் வந்துவிடும். வீட்டில் வயதானவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் தூக்கி ஊற்ற வேண்டும் என்றால் ஒரு லிட்டர் கெட்டிலே நல்லது. கைப்பிடி கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை விட, கழுத்தைச் சுற்றி ஒரு உலோகப் பட்டையில் பிடித்திருந்தால் எனக்கு நம்பிக்கை அதிகம். டிகிரியைத் தேர்ந்தெடுக்கிற பட்டன்கள், கிரீன் டீக்கு 80, காபிக்கு 90 என்பதெல்லாம், நாம் போடுகிற பால் டீக்குத் தேவையே இல்லை, அந்தக் காசைத் தட்டின் தரத்தில் போடுங்கள்.

## யாருக்குக் கண்ணாடி வேண்டாம்

ஒற்றைச் சுவர்க் கண்ணாடியின் வெளிப்பக்கம் கொதிக்கும்போது கொதிநீரின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், அணைந்த பிறகும் வெகுநேரம் சுடும். அதுவும் உள்ளே குமிழி விளையாடி, நீல விளக்கு எரிகிற பொருளைக் குழந்தை தொடாமல் விடாது. சமையலறையும் ஹாலும் ஒன்றாக இருக்கிற, கெட்டிலைத் தரையிலோ தாழ்வான ஸ்டூலிலோதான் வைக்க முடிகிற ஒற்றை அறை வீடுகள் நம் பக்கம் நிறைய. அங்கே தவழ்கிற, நடக்கப் பழகுகிற குழந்தை இருந்தால், எவ்வளவு நல்ல கண்ணாடி கெட்டிலாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளே எவர்சில்வரும் வெளியே சூடு ஏறாத இன்னொரு சுவரும் இருக்கிற இரட்டைச் சுவர்க் கெட்டிலை வாங்குங்கள், அதே விலையில் கிடைக்கும். மேடை உயரமாக இருக்கிறது, தண்ணீர் கரிக்காது, தனி பவர் பாயிண்டும் இருக்கிறது என்றால் கண்ணாடி தாராளமாக வாங்கலாம், மாதம் ஒரு முறை எலுமிச்சை போட்டுச் சுத்தம் செய்ய மட்டும் சோம்பல் படாதீர்கள்.